விருந்தாளி இலையில் களி இல்லை

போன தை மாதம் திருவண்ணாமலையில் நண்பர் ஒருவர் வீட்டு மாடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். எதிரே மலை. கீழே செங்கம் சாலையில் வெளிநாட்டுக்காரர்கள் ஸ்கூட்டரில் போவதும் வருவதுமாக இருந்தார்கள். படித்த மனிதர், நல்ல வாசகர் ஒருவர் சொன்னார்: "நம்ம ஊரைப் பார்க்க நமக்குக் கண் கிடையாது. வெளியிலேருந்து வர்றவங்கதான் பார்க்கிறாங்க. இங்கேயே வந்து தங்கி, நம்ம வீட்டுல உட்கார்ந்து, கையால சாப்பிட்டு எழுதுறாங்களே, அதைப் படிச்சாத்தான் நமக்கே நம்ம அருமை தெரியுது." சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். இது அவர் ஒருவருடைய எண்ணம் இல்லை. பத்திரிகை ஆசிரியர்கள், சுற்றுலாத் தொழில் நடத்துகிறவர்கள், கல்லூரிப் பேராசிரியர்கள் எனப் பலர் வாயிலும் இதைக் கேட்டிருக்கிறேன். அன்று நான் எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். அதை இங்கே பேசுகிறேன்.

அந்த எண்ணம் தவறு. உள்ளூர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால் உள்ளூர் தெரிந்துவிடும் என்று நம்புகிறது பாருங்கள், அந்த இடத்தில்தான் அது முதலில் சறுக்குகிறது.

நான் கீழ்பென்னாத்தூர்க்காரன். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் சுமார் இருபது கிலோமீட்டர். வானம் பார்த்த பூமி, ஏரிப் பாசனம், கிணறு. மேற்கே திரும்பினால் அண்ணாமலை தெரியும். சில வருஷங்களுக்கு முன் மேல்நாட்டுப் பயண எழுத்தாளர் ஒருவர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் வாடகை வீடு எடுத்து இரண்டு மூன்று வருஷமாகத் தங்கியிருந்தவர். நல்ல மனிதர், பணிவானவர். 'சுற்றுலாக்காரர்கள் சாப்பிடாததைச் சாப்பிட வேண்டும், கிராமத்து வீட்டு அன்றாடச் சாப்பாடு வேண்டும்' என்று கேட்டிருந்தார். நான் அம்மாவிடம் களி கிண்டச் சொன்னேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாடா பேசற? ஊடு தேடி வந்தவருக்குக் களி போடறதா? நாலு பேரு கேட்டா இன்னா சொல்லுவாங்க?"

முந்தின நாளே கடைத்தெருவுக்கு ஆள் போனது. பொன்னி அரிசி கடையில் வாங்கினோம். முட்டைக்கோஸும் கேரட்டும் மலையூர்களிலிருந்து லாரியில் இறங்கியவை. துவரம்பருப்பு ரேஷன். அப்பளம் பாக்கெட். வாழையிலைகூடக் காசு கொடுத்து வாங்கியதுதான். சாம்பார், ரசம், கோஸ் பொரியல், வடை, பாயசம். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து இலை முழுவதையும் வழித்துச் சாப்பிட்டார். "ரொம்ப நல்லா இருக்கு" என்று தமிழில் சொன்னார். அம்மா பூரித்துப் போனாள். இரண்டு மாதம் கழித்து அவருடைய கட்டுரை வந்தது. ஒரு விவசாயக் குடும்பம் தன் நிலத்தில் விளைந்ததைக் கொண்டு தினமும் சாப்பிடும் எளிய மதியச் சாப்பாடு என்று எழுதியிருந்தார்.

அந்த இலையில் எங்கள் நிலத்தில் விளைந்த ஒரு பொருள்கூட இல்லை. எங்கள் நிலத்தில் விளைந்தது அந்த அறையின் மூலையில் மூட்டையாகக் கிடந்தது. அவர் தன் காமிராப் பையை அதன் மேல்தான் வைத்திருந்தார்.

அவர் பொய் எழுதவில்லை. பார்த்ததைத்தான் எழுதினார். ஆனால் அவர் பார்த்தது எங்கள் சாப்பாடு இல்லை, எங்கள் விருந்தோம்பல். விருந்தாளி என்று ஒருவர் வாசலில் நின்றவுடனே தமிழ் வீட்டின் சமையல் மாறிவிடும். இல்லாததை வாங்கி வைப்போம், இருப்பதை மறைப்போம். கடன் வாங்கிக்கூடச் செய்வோம். வெள்ளைக்கார விருந்தாளி என்றால் இன்னும் அதிகமாகச் செய்வோம். ஆகவே, எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அந்த வீட்டின் அன்றாடத்தைப் பார்க்கவிடாமல் செய்வது அவர் அங்கே வந்திருப்பதுதான். கட்டில் ஹோட்டலில் போட்டிருந்தாலும் ரமண நகரில் வாடகைக்குப் போட்டிருந்தாலும் இதில் வித்தியாசம் கிடையாது.

அவர் போன பிறகு அன்று ராத்திரி அம்மா களிதான் கிண்டினாள். முதலில் நொய்யைக் குழைய வேகவிட்டு, கேழ்வரகு மாவை மேலே கொட்டி மூடி, கொதித்து வெந்ததும் பானையை இறக்கி, இரண்டு காலாலும் அண்டை கொடுத்துத் துடுப்பால் கிண்டவேண்டும். தோள் பலம் கேட்கிற வேலை. கட்டி தட்டினால் மாவு வேகாது, வயிற்றுக்கு ஆகாது. தண்ணீர் தொட்டு உருண்டை பிடித்துத் தட்டில் வைத்தால் ஆவி பறக்கும். நடுவே குழி பறித்துக் கருவாட்டுக் குழம்போ கீரைக் கடைசலோ ஊற்றி, விண்டு தோய்த்து, மெல்லாமல் விழுங்கவேண்டும். பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது அதுதான்: மென்றால் பல்லில் ஒட்டும், விழுங்கு. மிச்சத்தைத் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் கரைத்து மோர் விட்டுக் கூழ். கழனிக்குப் போகிறவருக்கு உச்சிவெயில் வரை அது தாங்கும்.

சரி, களிதான் எங்கள் உண்மையான சாப்பாடு என்று முடித்துவிடலாமா? அதுவும் முடியாது. பயண எழுத்தாளர்கள் இப்போது களியையும் கண்டுபிடித்துவிட்டார்கள். ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு கேழ்வரகைப் பற்றி எழுதாத பயணப் பக்கம் இல்லை. பழந்தானியத்தை மறக்காமல் காப்பாற்றி வைத்திருக்கிற கிராமம் என்று எழுதுகிறார்கள். என் பாட்டி தலைமுறையைக் கேட்டால் வேறு கதை வரும். அவர்களுக்கு நெல்லுச்சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும்தான். மற்ற நாளெல்லாம் களியும் கூழும்தான், ஏனென்றால் நெல் வாங்க வக்கில்லை. நெல்லுச்சோறு என்பது அவர்களுக்கு வெறும் ருசி இல்லை, மரியாதை. 2008இல் ரேஷனில் கிலோ ஒரு ரூபாய்க்கு அரிசி வந்தது. 2011 ஜூன் முதல் விலையில்லாமலே வந்தது. மூன்று வேளையும் அரிசிச் சோறு என்பது ஏழை வீட்டுக்கும் எட்டியது அப்போதுதான். அந்தப் பெண்கள் களிப்பானையைப் பரணில் ஏற்றியதை 'பாரம்பரியம் அழிந்தது' என்று எழுதுகிறவருக்கு, வருஷம் முழுவதும் களி மட்டும் தின்ற வீடு எப்படி இருந்தது என்று தெரியாது. இன்று கேழ்வரகு நகரத்தில் விலை கூடி விற்கிறது. அதையும் இந்த ஊர்க்காரர்கள்தான் விளைவித்துக் கொடுக்கிறார்கள். தங்களுக்குக் கொஞ்சம் நிறுத்திவைத்துக்கொண்டு மிச்சத்தை விற்கிறார்கள். இந்தப் போக்குவரவு முழுவதும் சேர்ந்ததுதான் எங்கள் ஊரின் சாப்பாடு. ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டால் இது நாக்கில் படாது.

இன்னும் ஒன்று. கீழ்பென்னாத்தூர் வட்டாரத்துப் பிள்ளை ஒன்று வாரத்தில் ஐந்து நாள் மதியம் எங்கே சாப்பிடுகிறது? பள்ளிச் சத்துணவுக் கூடத்தில். காமராஜர் 1956இல் தொடங்கி, எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் பெரிதாக்கி, பின்னால் முட்டையும் சேர்ந்து, 2022 முதல் காலைச் சிற்றுண்டியும் கூடிய ஏற்பாடு. மூன்று தலைமுறை நாக்கு அந்தச் சோற்றில் வளர்ந்திருக்கிறது. சத்துணவு அமைப்பாளரும் சமையலரும் பெரும்பாலும் அதே ஊரைச் சேர்ந்த பெண்கள், பலர் கணவனை இழந்தவர்கள். ஊரின் பெரிய சமையலறை அதுதான். சாயங்காலம் பேருந்து நிறுத்தத்துப் பக்கம் தள்ளுவண்டியில் இரும்புச் சட்டியை அடித்துக் கிளறுகிற சிக்கன் ரைஸ், பரோட்டாக் கடையின் சால்னா, டீக்கடை பன், பெங்களூரில் கட்டட வேலை செய்துவிட்டு ஊர் திரும்புகிறவர் பையில் வரும் பேக்கரி கேக். எங்கள் பையன்கள் ஆசையாகச் சாப்பிடுவது இதைத்தான். உள்ளூர் உணவைத் தேடி வந்தவர் இந்தக் கடைகளைத் தாண்டிக்கொண்டுதான் எங்கள் வீட்டுக்கு வந்தார். இவை அவருடைய கணக்கில் உள்ளூர் இல்லை. நாங்கள் எதைச் சாப்பிட்டால் நாங்களாக இருப்போம் என்பதை அவர் வருவதற்கு முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறார். இதைப் புதுக்கண் என்று நாம் கொண்டாடுகிறோம். அந்தக் கண் பழைய படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதோடு ஒத்துப்போகிற இடத்தைத்தான் தேடுகிறது.

வெளி உலகம் தொடாத கிராமம் என்ற அந்தப் படத்துக்கு எங்கள் ஊர்ப் பேச்சில் இருக்கிற ஒரு சொல்லே போதுமான மறுப்பு. மூலையில் கிடந்த அந்த மூட்டையில் இருந்தது மல்லாட்டை. மற்ற ஊர்க்காரர்கள் வேர்க்கடலை என்பார்கள், கடலைக்காய் என்பார்கள். ஆற்காட்டுச் சீமையில் அது மணிலாக் கொட்டை. வாயில் புழங்கிப் புழங்கி மல்லாக்கொட்டை, மல்லாட்டை. மார்க்கெட் கமிட்டியில் விலை கேட்கப் போனால் 'மணிலா' என்றே கேட்கலாம். தென் அமெரிக்கப் பயிர், பிலிப்பைன்ஸ் துறைமுகத்தின் பெயரைச் சுமந்துகொண்டு எங்கள் செம்மண்ணுக்கு வந்து சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆற்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாக பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. அங்கே சோப்பாகவும் ஆனது. விதைக்கொட்டையைப் படிக்கணக்குக் கூலிக்கு உரித்து உரித்து நகக்கண் வெடித்த எங்கள் பெண்கள், இன்றைய பயண எழுத்தாளர்கள் இந்தப் பக்கம் வருவதற்கு வெகு முன்பே ஐரோப்பாவோடு வியாபாரத்தில் இருந்தார்கள். கூழுக்குக் கடித்துக்கொள்ளும் மிளகாய் அமெரிக்காவிலிருந்து வந்தது. கேழ்வரகே ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து வந்தது. எங்கள் ஊரை உலகத்துக்கு அறிமுகம் செய்கிறோம் என்று ஒருவர் சொல்லும்போது நான் நினைத்துக்கொள்வது அந்த மூட்டையை.

சாப்பாட்டில் பண்பாடு இருக்கிறது என்றால், யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பதில்தான் அது பாதிக்கு மேல் இருக்கிறது. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதைப் படம் பிடிக்காத வெளிநாட்டுக்காரர் இல்லை. ஊர் முழுவதும் வரிசையில் நின்று பாத்திரம் ஏந்துகிறது என்று எழுதுவார்கள். எந்த வீட்டு மாவு எந்த அண்டாவில் சேரும், எது சேராது என்று கேட்டவர் மிகக் குறைவு. இந்தப் பக்கத்துப் பல ஊர்களில் ஊருக்கு ஓர் அம்மன், காலனிக்கு ஓர் அம்மன், அண்டாவும் வேறு. இதில் வெள்ளைக்காரரின் நிலை தனி. எந்த ஜாதிக்காரர் வீட்டிலும் நடுக்கூடத்தில் அவருக்கு இலை விழும். தலைமுறை தலைமுறையாக அதே ஊரில் வாழ்ந்தும் அந்தக் கூடத்தைப் பார்க்காதவர்கள் நாலு தெரு தள்ளி இருக்கிறார்கள். தனக்குத் திறந்த கதவு எல்லோருக்கும் திறந்தது என்று அவர் நினைத்துக்கொள்வது இயல்பு. அதை நம்பி, 'எவ்வளவு திறந்த மனம் நம் மக்களுக்கு' என்று நாம் மகிழ்வதை நான் மன்னிக்க மாட்டேன். நமக்குத் தெரியும்.

ரமணாசிரமத்திலேயே இந்த ஜாதிக் கோடு இருந்தது. ரமணர் இருந்த காலத்தில் சாப்பாட்டுக் கூடத்தின் நடுவே ஒரு தடுப்பு. ஆசாரம் பார்க்கிற பிராமணர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம். ரமணர் இரண்டு பக்கத்தாருக்கும் தெரிகிற இடத்தில் உட்காருவார். பால் பிரண்டன் எழுதி 1934இல் வெளிவந்த புத்தகம்தான் அந்த ஆசிரமத்தை மேல்நாட்டுக்குக் காட்டியது. 1938இல் சாமர்செட் மாம் ஒரு பகல் வந்து, மயங்கி விழுந்து, ரமணரைப் பார்த்துவிட்டுப் போனார். 1944இல் அந்த அனுபவத்தில் பிறந்த அவருடைய நாவல் வந்தது. திருவண்ணாமலை என்றால் உலகம் சொல்வது இந்தப் பெயர்களைத்தான். ரமணருக்குச் சோறு போட்டவர்கள் பெயரை யார் சொல்கிறார்கள்? 1896 செப்டம்பர் 1 அன்று பதினாறு வயதில் வந்து இறங்கிய பையனைச் சாகாமல் காத்தது இந்த ஊர்த் தெருக்கள். அவர் வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். பின்னால் அவரோடு இருந்தவர்கள் பிச்சைக்குப் போகும்போது, அவர்கள் பெயரைச் சொல்லி வேறு ஆட்கள் சோறு வாங்கிப் போகிற தொல்லை வந்தது. தங்களுக்கென்று ஒரு பாட்டு இருந்தால் வீட்டுப் பெண்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று அன்பர்கள் கேட்டுக்கொண்டதில் பிறந்தது அருணாசல அட்சரமணமாலை. இன்று உலகம் முழுவதும் பாராயணம் செய்யப்படுகிற பாட்டு, கையில் சோற்றோடு வாசலில் காத்திருந்த பெண்களின் காதுக்காக முதலில் பாடப்பட்டது. மலையில் கீரை பறித்துச் சமைத்துக் கொடுத்த கீரைப்பாட்டி. புருஷனையும் பிள்ளைகளையும் பறிகொடுத்துவிட்டு மண்டகொளத்தூரிலிருந்து வந்து, சாகும் வரை தினமும் சோறு சுமந்து போன எச்சம்மாள். இந்த ஊரின் உணவையும் பண்பாட்டையும் ஒரே பிடியில் பிடிக்கவேண்டுமானால் இவர்களில் தொடங்கவேண்டும். இவர்களைப் பொறுத்தவரை சோறு போடுவது அனுபவம் இல்லை, வேலை. நாள் தவறாமல் செய்த வேலை.

உள்ளூர்க்காரர் மாதிரியே வாழ்ந்தவர் எழுதினால் நம்பலாமே என்பார்கள். பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா 1792இல் இந்தியா வந்து 1823இல் திரும்பிப் போனவர். முப்பது வருஷம். நம் உடை உடுத்தி, நம் சாப்பாட்டைச் சாப்பிட்டு, தென்னாட்டில் சுற்றியவர். இந்துக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றிய அவருடைய கையெழுத்துப் பிரதியை 1807இல் கிழக்கிந்தியக் கம்பெனி விலை கொடுத்து வாங்கியது. 1816இல் ஆங்கிலத்தில் அச்சாகி, நெடுங்காலம் அதிகாரிகளின் கைநூலாக இருந்தது. அந்த நூல் பெரும்பாலும் அவருக்கு முந்திய பாதிரியார் கேர்தூவின் எழுத்திலிருந்து எடுத்தது என்று 1987இல் சில்வியா மூர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் நிறுவினார். முப்பது வருஷம் நம் சோற்றைச் சாப்பிட்டும் எழுத உட்கார்ந்தபோது இன்னொருவர் ஏடுதான் கைகொடுத்தது. தங்கியதும் சாப்பிட்டதும் சாட்சியாகக் காட்டப்பட்டன. படித்தவர்கள் அந்தச் சாட்சியை நம்பினார்கள்.

அப்படியானால் வெளியார் எழுதவே கூடாதா என்று கேட்பார்கள். அப்படிச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்திலேயே அதற்கு நேர்மாறான உதாரணம் இருக்கிறது. செஞ்சி வட்டாரம் திரௌபதி அம்மன் கோயில்களின் நாடு. பங்குனி, சித்திரையில் பாரதம் வைப்பார்கள். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து. கடைசி நாள் காலையில் படுகளம்: மண்ணில் துரியோதனன் உருவம் மலைபோலக் கிடக்கும், பீமன் தொடையில் அடிப்பான், பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள், பெண்கள் ஒப்பாரி வைத்து அழுவார்கள், சாயங்காலம் தீமிதி. ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் 1970களிலிருந்து இதைத் தேடி வந்து, கோயில் கோயிலாக அலைந்து, கூத்துக்காரர்களிடமும் பிரசங்கிகளிடமும் பூசாரிகளிடமும் கேட்டுக் கேட்டு, 1988இலும் 1991இலும் இரண்டு பெரிய நூல்கள் எழுதினார். ஓர் ஊரில் சொல்வதும் பக்கத்து ஊரில் சொல்வதும் எங்கே வேறுபடுகிறது என்று குறித்துவைத்தார். அவர் சொல்வது எல்லாவற்றையும் நான் ஏற்பதில்லை. ஆனால் அவரை மதிக்கிறேன். அவருக்குத் தன் அனுபவம் பொருள் இல்லை, படுகளம்தான் பொருள். கண் புதிதாக இருந்ததால் கைகூடியது இல்லை அது. திரும்பத் திரும்ப வந்து கண்ணைப் பழையதாக்கிக்கொண்டார். பயண எழுத்து இதற்கு எதிர்ப்பக்கம் போகிறது. கூத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, வேஷக்காரர் முகத்தில் அரிதாரம் பூசுவதை எழுதிவிட்டு, கட்டியங்காரன் வருவதற்குள் எழுந்துவிடுகிறது.

என் கோபம் முழுவதும் வெளிநாட்டுக்காரர்கள் மேல் இல்லை. அந்த மாடியில் தலையாட்டிய நம்மவர்கள் மேல்தான் அதிகம். நம் அருமையைச் சொல்ல ஒருவர் கடல் தாண்டி வரவேண்டும் என்றால், சொன்னவர்களை நாம் படிக்கவில்லை என்று பொருள். கி. ராஜநாராயணன் கரிசல் காட்டுச் சொற்களைத் திரட்டி 1982இல் அகராதி போட்டார். ஏட்டுப் படிப்பு அதிகம் இல்லாத சம்சாரி அவர். எங்கள் நடுநாட்டுக்கும் ஆற்காட்டுக்கும் எழுத ஆட்கள் இல்லாமல் இல்லை. திருவண்ணாமலையில் பவா செல்லதுரை எழுதுகிறார், கதை சொல்கிறார். அவர் பேச்சில் மல்லாட்டை மல்லாட்டையாகவே வரும். நம் பத்திரிகைகள் இந்த ஊர் உணவைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமென்றால் சத்துணவுக் கூடத்தில் முப்பது வருஷம் கரண்டி பிடித்த பெண்ணிடம் போய்க் கேட்கட்டும். துடுப்பு பிடித்த கையிடம் கேட்கட்டும். அவர்கள் பேசுவார்கள், யாரும் கேட்டதில்லை என்பதுதான் விஷயம்.

எங்கள் வீட்டில் களி சாப்பிட்ட வெளிநாட்டுக்காரர் ஒருவர் உண்டு. திருவண்ணாமலையில் பன்னிரண்டு வருஷமாக இருக்கும் ஓர் அம்மாள். மல்லாட்டை வாங்க வருவார், விலை பேசுவார், உட்கார்ந்து அம்மாவோடு கொட்டை உரிப்பார். ஒரு ஐப்பசி மழை நாளில் பஸ் இல்லாமல் எங்கள் வீட்டிலேயே மாட்டிக்கொண்டார். வீட்டில் அரிசி தீர்ந்திருந்தது. மழையில் கடைக்குப் போக ஆள் இல்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் களி கிண்டி, அலுமினியத் தட்டில் ஒரு உருண்டை வைத்து, கீரைக் கடைசலை ஊற்றி நகர்த்தினாள். அந்த அம்மாள் மென்று பார்த்துத் திணறினார். "மெல்லாதம்மா, முழுங்கு" என்றாள் அம்மா, சின்ன வயதில் எனக்குச் சொன்ன அதே அதட்டலோடு. அவர் இன்றுவரை அதைப் பற்றி எங்கேயும் எழுதவில்லை. அடுத்த முறை வரும்போது ரெண்டு படி கேழ்வரகு மாவு அரைத்துக்கொண்டு வந்தார். அம்மா அதை வாங்கி, விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் நைசாக அரைக்கச் சொல்லி மில்காரனிடம் சொல்லு என்று திருப்பிக் கொடுத்தாள்.